அன்லிமிடெட் போர்டு, அளவுச் சாப்பாடு: இணைய வாசகர் கேள்வி பதில்

*மாதத்தில் 25 தேதி ஆனால் எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு ஆமையாகிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் அன்லிமிடெட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கேட்டால் ‘எஃப்யூபி முடிந்துவிட்டது’ என்கிறார்கள். வீட்டில் நான்கு பேர்தான். வீட்டுக்கும் கீழே உள்ள கடைக்குமாக நான்கு கேமரா வைத்திருக்கிறோம். யாராவது வைஃபையைத் திருடுகிறார்களா?*
கரூர் வாசகர்

திருடன் சுவரில் மாட்டியிருக்கிறான் என்று தோன்றுகிறது.

முதலில் எஃப்யூபி, அதாவது ‘நியாயமான பயன்பாட்டு’ வரம்பின் கணக்கு. நம் ஊர் ஃபைபர் திட்டங்களில் பலவற்றில் ‘அன்லிமிடெட்’ என்பதன் பொருள் மாதம் 3300 ஜிபி. அதைத் தாண்டினால் இணைப்பு நிற்காது, வேகம்தான் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். 3300 ஜிபியை 30 நாளுக்குப் பரப்பினால் சராசரி வேகம் 10 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ் குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் மணிக்கு 45 ஜிபி ஓடும்; 73 மணி நேரத்தில், அதாவது மூன்று நாள் சொச்சத்தில், மாத ஒதுக்கீடு காலி. வாசலில் அன்லிமிடெட் மீல்ஸ் போர்டு, உள்ளே அளவுச் சாப்பாடு.

ஆனாலும் 3300 ஜிபி சின்ன அளவு இல்லை. எச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி தின்னும். மாதத்துக்கு 720 மணி நேரம்தான். ஒரே டிவியை இரவு பகல் எச்டியில் ஓடவிட்டாலும் 2160 ஜிபி. ஆகவே நான்கு பேர் உள்ள வீடு பார்த்துத் தீர்த்திருக்க வாய்ப்பு குறைவு.

இப்போது கேமராவைப் பாருங்கள். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பினால் நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86.4 ஜிபி. 4கே டிவி நான்கு மணி நேரம், நான்கு செல்போன் என்று இன்னொரு 45 ஜிபி சேர்த்தால் நாளைக்கு 131. 3300-ஐ 131-ஆல் வகுத்துப் பாருங்கள், விடை 25. உங்கள் தேதியேதான். அப்லோடு கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், சோதித்துவிடலாம். நிறுவனத்தின் ஆப்பில் தினசரிப் பயன்பாடு காட்டும். கேமராக்களை ஒரு முழு நாள் கிளவுடிலிருந்து துண்டித்துவிட்டு, முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 80 ஜிபிக்குப் பக்கமாக இருந்தால் வழக்கு முடிந்தது. குறையாவிட்டால் பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாதது இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பலர் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கேமராதான் காரணம் என்றால், பதிவை வீட்டிலேயே ஒரு என்விஆர் பெட்டியில் வையுங்கள். 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் நான்கு கேமராவின் பதிவு சுமார் 23 நாள் நிற்கும். பிறகு பழையது தானாக அழிந்து புதியது ஏறும். கிளவுடும் வேண்டுமென்றால் ‘அசைவு இருந்தால் மட்டும்’ என்று மாற்றுங்கள். அல்லது கேமரா தரும் தெளிவு குறைந்த, அரை எம்பிபிஎஸ் துணை ஓடையை (சப் ஸ்ட்ரீம்) மட்டும் அனுப்புங்கள்: கேமராவுக்கு நாளைக்கு ஐந்தரை ஜிபிக்குள் அடங்கும். ஆனால் அந்தப் படத்தில் முகம் தெரியாது, ஆள் வந்தது மட்டும்தான் தெரியும்.

*ஒரு சிலர் அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் மற்றவர்களுக்கு நெரிசல் வருகிறது, அதைத் தடுக்கத்தான் டேட்டா வரம்பு என்கிறார்கள். நியாயமாகத்தானே இருக்கிறது?*
திருநெல்வேலி வாசகி

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நெரிசல் எப்போது வருகிறது என்று பார்த்தால் அந்த நியாயம் கலைந்துவிடும்.

உங்கள் தெருவுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபர் ஒன்றின் மொத்தக் கொள்ளளவு, இறங்கு திசையில் 2.488 ஜிபிபிஎஸ். அதை ஒரு ஸ்ப்ளிட்டர் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறது. 32 வீடும் ஒரே நொடியில் முழுதாகத் திறந்தால் ஆளுக்கு 77 எம்பிபிஎஸ். 64 என்றால் 38. எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் 100, 200 என்று விற்கிறார்கள். அதில் தவறில்லை, உலகம் முழுக்க அப்படித்தான். காலையில் தெருவே ஒன்றாகக் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் நூலாக வரும், நள்ளிரவில் பீறிட்டு அடிக்கும். இணையத்துக்கு அந்தக் ‘காலை’ இரவு 8 முதல் 11 மணி.

இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் தினமும் இரவு 9 முதல் 11 வரை 4கே படம் பார்க்கிறார்: மணிக்கு 7 ஜிபி வீதம் மாதம் 420 ஜிபி. வரம்பின் பக்கமே போகவில்லை, ஆனால் தினமும் நெரிசல் நேரத்தில் வரிசையில் நிற்கிறார். இன்னொருவர் அதிகாலை 2 மணிக்கு, தெருவே தூங்கும்போது, மாதம் 4000 ஜிபி இறக்குகிறார். அவரால் யாருக்கும் நஷ்டமில்லை. மாத வரம்பு தண்டிப்பது இரண்டாமவரை. நெரிசலைக் குறைக்க வேண்டுமானால் நெரிசல் நேரத்தில் கட்டுப்பாடு வைக்க வேண்டும், அல்லது 64 வீட்டை 32 ஆகப் பிரிக்க வேண்டும். பின்னதற்குக் காசு செலவாகும்.

இந்த விவகாரம் அமெரிக்காவில் வெளிப்படையாகவே அம்பலமானது. காம்காஸ்ட் நிறுவனம் 2008-ல் மாதம் 250 ஜிபி வரம்பு வைத்தது. 2016-ல் அது 1 டிபி ஆனது, 2020-ல் 1.2 டிபி. அப்போது தாண்டினால் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், அதிகபட்சம் மாதம் 100 டாலர். கேபிள் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்த மைக்கேல் பவல் 2013-ல் பேசும்போது, வரம்பின் முக்கிய நோக்கம் நெரிசல் அல்ல, பெரிய நிலைச் செலவை வாடிக்கையாளர்களிடம் எப்படிப் பிரித்து வசூலிப்பது என்பதுதான் என்ற பொருளில் சொல்லிவிட்டார். அவர் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் முன்னாள் தலைவர், விவரம் தெரியாமல் பேசியிருக்க முடியாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நாடே வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தது. நெரிசல்தான் பிரச்சினை என்றால் வரம்பை இறுக்க வேண்டிய நேரம் அது. ஆனால் காம்காஸ்டும் ஏடி அண்ட் டியும் வரம்பைத் தளர்த்தின. காம்காஸ்டில் ஜூன் 30 வரை வரம்பு இல்லை. நெட்வொர்க் படுத்துவிடவில்லை. ஜூலையில் வரம்பு திரும்பி வந்தது. இன்னொன்று: வெரைசானின் ஃபைபர் போட்டி பலமாக இருந்த வடகிழக்கு மாநிலங்களில் காம்காஸ்ட் இந்த வரம்பைப் பல ஆண்டுகள் அமல்படுத்தவே இல்லை. அதே கேபிள், அதே கருவி. வேறுபட்டது பக்கத்துக் கடை.

செல்போனுக்கு இந்த வாதத்தை அப்படியே பொருத்திவிடக் கூடாது. டவரின் அலைக்கற்றை உண்மையிலேயே குறுகலானது, இன்னொரு கயிறு இழுத்து அகலப்படுத்த முடியாது. அங்கே ஏதோ ஒரு கட்டுப்பாடு தேவை. அது மாதக் கணக்காகவோ நாள் கணக்காகவோ இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பொறியியல் காரணம் பலவீனம்.

*மொபைலில் ஏன் ‘தினம் 2 ஜிபி’ என்று தருகிறார்கள்? மொத்தமாகத் தரக் கூடாதா? 28 நாள் கணக்கு எதற்கு?*
மதுரை வாசகர்

மிச்சம் பிடிப்பதற்கு. தினம் 2 ஜிபி என்றால் 28 நாளில் 56 ஜிபி என்று விளம்பரம் கூட்டிக் காட்டும். நீங்கள் வேலை நாளில் 1 ஜிபியும் ஞாயிற்றுக்கிழமை 4 ஜிபியும் செலவழிப்பவர் என்றால் நான்கு வாரத்தில் உங்கள் தேவை 40 ஜிபி. 56-ல் தாராளமாக அடங்க வேண்டும். ஆனால் வேலை நாளின் மிச்சம் நள்ளிரவில் அழிந்துவிடும், ஞாயிறு மதியம் நீங்கள் டாப்-அப் பேக் வாங்குவீர்கள். காசு கொடுத்து வாங்கியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதையே மறுபடி விற்கும் வியாபாரம். மொத்த டேட்டா தரும் திட்டங்களும் பட்டியலின் அடியில் கிடக்கும். உங்களைப் போன்ற பயன்பாட்டுக்கு அவற்றின் விலையை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

28 நாளை 13-ஆல் பெருக்கினால் 364. பன்னிரண்டு மாத ஆண்டுக்குப் பதிமூன்று ரீசார்ஜ். இந்தப் புகார் பெருகியதால் 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆணை போட்டது: ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். ஆப்பின் முகப்பில் தேடாதீர்கள், ‘காலண்டர் மாதம்’ என்று தேடல் பெட்டியில் தட்டுங்கள்.

*அம்மாவுக்கு பட்டன் போன். டேட்டாவே வேண்டாம். ஆனாலும் டேட்டா பேக்தான் போடச் சொல்கிறார்கள்.*
புதுக்கோட்டை வாசகி

போட வேண்டாம். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் ‘வாய்ஸ் ஒன்லி’ பிரிவில் பாருங்கள்.

*தினசரி டேட்டா தீர்ந்த பிறகும் 64 கேபிபிஎஸ்ஸில் அன்லிமிடெட் என்கிறார்கள். அதில் என்ன செய்யலாம்?*
ஓசூர் வாசகர்

வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். ஒரு ஜிபி இறக்க 34 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 3 எம்பி புகைப்படம் ஒன்று வர ஆறு நிமிடத்துக்கு மேல். பல ஆப்புகள் அதற்குள் ‘இணைப்பு இல்லை’ என்று கைவிட்டுவிடும். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023-ல் வரையறை மாறியது. 64 கேபிபிஎஸ் அதில் முப்பதில் ஒரு பங்கு. வரம்பு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-ல் சொன்னது வீட்டு பிராட்பேண்டுக்கு மட்டும்தான், மொபைலுக்கு அல்ல.

*200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். லேப்டாப்பில் சோதித்தால் 94-ஐத் தாண்டவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?*
ஈரோடு வாசகர்

இதில் நிறுவனத்தின் மேல் பழி போட முடியாது. 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், தகவல் பொட்டலங்களின் தலைப்புச் சுமை போக மிஞ்சுவது 94, 95. உங்கள் வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் முட்டுக்கட்டை இருக்கிறது.

விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து ‘லிங்க் ஸ்பீடு’ பாருங்கள். 100/100 என்று இருந்தால் முதல் சந்தேகம் கேபிள். கிகாபிட் ஓட எட்டு கம்பியும் வேண்டும். உள்ளூர் கிரிம்பிங்கில் நான்கு கம்பி மட்டும் சேர்த்துவிட்டாலோ, ஒரு கம்பி உள்ளே ஒடிந்திருந்தாலோ, கருவி சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ அல்லது கேட்6 என்று அச்சிட்ட ரெடிமேட் கேபிளால் மாற்றிப் பாருங்கள். அப்படியும் 100 என்றால் ரூட்டரின் போர்ட்டே பழையது. மலிவு ரூட்டர்கள் பலவற்றில் இன்றும் கிகாபிட் போர்ட் கிடையாது. லேப்டாப்பின் போர்ட்டையும் யூஎஸ்பி அடாப்டரையும் மறந்துவிடாதீர்கள்.

வைஃபையில் சோதித்திருந்தால் அந்தச் சோதனையே செல்லாது. அக்கம்பக்கத்து ரூட்டர்கள் நெருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 40, 50 வந்தாலே நல்ல காலம்.

*ஸ்பீடு டெஸ்ட்டில் முழு வேகம் காட்டுகிறது, ஆனால் இரவில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதை நம்புவது?*
நாகர்கோவில் வாசகர்

வீடியோவை. ஸ்பீடு டெஸ்ட் தளம் பொதுவாக உங்களுக்கு மிக அருகிலுள்ள சர்வரைத் தானே தேர்ந்தெடுக்கும். அது பல நேரம் உங்கள் இணைய நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை சாலை நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, மதுரை வரை நன்றாக இருக்கிறது என்பதற்கு அல்ல.

லேன் கேபிளில், வேறு ஊரில் வேறு நிறுவனம் வைத்திருக்கும் சர்வரைக் கையால் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காம் அதன் சொந்த சர்வர்களிலிருந்து அளப்பதால் வீடியோ அனுபவத்துக்கு இன்னும் நெருக்கம். காலை 6 மணிக்கும் இரவு 9.30-க்கும், ஒரு வாரம். காலையில் நன்றாக, இரவில் மோசமாக இருந்தால் நெரிசல். இரண்டு நேரமும் மோசம் என்றால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் ‘ஆர்எக்ஸ் பவர்’, அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், பாருங்கள்: மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் ஊசலாடினால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு. ஜன்னல் கதவில் நசுங்குவது வழக்கமான காரணம். கால் சென்டரில் இந்த எண்ணைச் சொல்லுங்கள், ‘ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ கட்டம் ஒன்று மிச்சமாகும்.

*5ஜி வந்தால் ஒரு படம் சில நொடியில் இறங்கும் என்றார்கள். 4ஜிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே?*
தஞ்சாவூர் வாசகர்

சர்வதேசத் தரம் 5ஜிக்கு வைத்த உச்ச இலக்கு 20 ஜிபிபிஎஸ். விளம்பரம் எழுதியவர் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டார். அதே தரத்தில், நெருக்கமான நகரப் பகுதியில் பயனர் கையில் கிடைக்க வேண்டிய வேகம் என்று எழுதியிருப்பது 100 எம்பிபிஎஸ். உச்சம் என்பது ஆய்வகத்தில், ஒரே கருவிக்கு, முழு அலைவரிசையும் கொடுத்தால் வருவது. ஏட்டுச் சுரைக்காய்.

திரையின் மூலையில் தெரியும் ‘5ஜி’ எழுத்தும் ஆதாரமில்லை. ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 4ஜி வாடிக்கையாளர்களின் போனில் ‘5ஜி இ’ என்று காட்டியது. போட்டியாளரான ஸ்பிரிண்ட் 2019-ல் வழக்குப் போட்டது. 2020-ல் அமெரிக்க விளம்பர மறுஆய்வு வாரியம் அந்தப் பெயரை விளம்பரத்தில் கைவிடச் சொன்னது. இதே நிறுவனம் ‘அன்லிமிடெட்’ டேட்டா விற்றுவிட்டு, மாதம் 2 ஜிபி அளவுக்கே பயன்படுத்தியவர்களின் வேகத்தைக்கூடக் குறைத்தது என்ற வழக்கை, 2019-ல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் முடித்துக்கொண்டது.

*2016-ல் இலவசமாகக் கொடுத்தவர்கள் இப்போது கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்களே?*
கோயம்புத்தூர் வாசகர்

அந்த இலவசம் பின்னால் வரும் கட்டணத்துக்கான முதலீடு. ஜியோ 2016 செப்டம்பர் 5-ல் தினம் 4 ஜிபியோடு தொடங்கியது. ஆண்டு முடிவில் அது 1 ஜிபி ஆனது. இலவசம் 2017 மார்ச் வரை நீண்டது. ஜிபி 250 ரூபாய் பக்கமாக விற்றுவந்த பழைய நிறுவனங்கள் கொழுத்த லாபத்தில் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விலை விழுந்ததில் நமக்கு உண்மையான நன்மை கிடைத்தது.

ஆனால் அந்த வெள்ளத்தில் கடைகள் அடித்துப் போயின. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது; எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள போர்ட் குறியீடு கிடைக்காமல் மக்கள் தவித்தது நினைவிருக்கும். டெலினார், டாடா டொகோமோ ஏர்டெல்லுக்குள் போயின. 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியது தனியார் மூன்று, அரசின் பிஎஸ்என்எல். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியாரும் ஒருநாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. அன்றே ஜியோவில் ‘அன்லிமிடெட் 5ஜி’ தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது.

*நிறுவனம் தன் சொந்த வீடியோ ஆப்பை மட்டும் டேட்டா கணக்கில் சேர்க்காமல் தரலாமா?*
சேலம் வாசகர்

கூடாது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டா கட்டணம் வேறுபடக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் விதி செய்தது. ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேஸிக்ஸ்’ இந்தியாவில் நின்றது அதனால்தான். அபராதம் நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு அது டீச் செலவு என்பது வேறு விஷயம். ஓடிடி சந்தாவை இலவசமாகச் சேர்த்துத் தருவது இதில் வராது; பார்க்கும் டேட்டா கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

*எங்கே புகார் செய்வது? டிராய்க்கு எழுதினால் பதில் இல்லை.*
விழுப்புரம் வாசகி

டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, விதி போடுவதோடு சரி. முதலில் நிறுவனத்தின் புகார் எண்ணில் (மொபைலுக்கு 198) பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணமில்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம்.

அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘தொலைத்தொடர்புத் தகராறுக்கு இங்கே வர முடியாது’ என்று நிறுவன வக்கீல்கள் முன்பெல்லாம் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: பில்கள், டாக்கெட் எண்கள், லேன் கேபிளில் எடுத்த ஒரு வார வேகப் பட்டியல், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், உங்களுக்குக் கொடுத்த விளம்பர நோட்டீஸ். கடைசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், எழுத்தும் அதே வகையில் இருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழில் பெரிதாக ‘அன்லிமிடெட்’, அடியில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் 3300 ஜிபி என்று இருந்தால் அந்தத் தாளை மனுவோடு முதல் இணைப்பாக வையுங்கள்.